முதல் கூடு கிடைத்தால் போதுமா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்த கொக்குகள்

பிரிட்டனில் சின்ன வெள்ளைக்கொக்கு, பெரிய வெள்ளைக்கொக்கு, உண்ணிக்கொக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து கூடு கட்டத் தொடங்கியிருக்கின்றன. முன்பு அங்கே இல்லாத பறவைகள் இப்படித் திடீரென்று குஞ்சு பொரிப்பது எப்படி, புவி வெப்பமடைவதுதான் காரணமா, ஒரு கூடு கிடைத்தாலே அது அந்த நாட்டுப் பறவை ஆகிவிடுமா, ஏற்கெனவே இருக்கும் பறவைகளுக்கு இதனால் பாதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இதில் திடீர் என்று எதுவும் கிடையாது. செய்தியில் வருவது முதல் கூடு. அதற்கு முன்னால் பல பத்தாண்டுக் கதை இருக்கும். அதற்குப் பின்னாலும் ஒரு பத்து ஆண்டாவது பொறுத்துப் பார்த்தால்தான் வந்தது தங்குமா என்று தெரியும். அதனால் முதல் கூட்டை நான் தொடக்கமாகவும் எடுத்துக்கொள்வதில்லை, வெற்றியாகவும் எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் வரும் ஒரு கட்டம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்குப் பதில் தேடுவது எளிது.

சின்ன வெள்ளைக்கொக்கையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் கொண்ட இந்தக் கொக்கு 1996-இல் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தின் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. அடுத்த ஆண்டே அயர்லாந்தின் கார்க் மாவட்டத்திலும் கூடு கட்டியது. இன்று பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இணைகள் உள்ளன. ஆனால் கதையை 1996-இல் ஆரம்பித்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளில் கொக்கின் முதுகுத் தூவிகளைச் செருகுவது பெரிய நாகரிகம். அந்த மெல்லிய தூவிகள் கொக்குக்கு முளைப்பது இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். ஆகவே வேட்டைக்காரர்கள் கொக்குகளைக் கூட்டில் வைத்தே சுட்டார்கள். தாய் தந்தை போனால் கூட்டிலிருக்கும் குஞ்சுகளும் பட்டினியில் போகும். ஒரு தூவிக் கற்றைக்காக ஒரு தலைமுறையே அழியும் வணிகம் அது. தெற்கு, மேற்கு ஐரோப்பாவில் கொக்குக் குடியிருப்புகள் ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டன. இதை எதிர்த்து 1889-இல் மான்செஸ்டருக்கு அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண் தன் தோழிகளைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அது வளர்ந்து 1904-இல் அரச சாசனம் பெற்றது. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்றான ஆர்எஸ்பிபி அதுதான். பறவை இறகுகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1921-இல் வந்தது. சட்டம் கேட்டுப் போராடத் தொடங்கிய நாளிலிருந்து அது கிடைக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

வேட்டை நின்ற பிறகும் கொக்குகள் உடனே வந்துவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரான்சின் தென்கோடியில், ரோன் ஆறு கடலில் கலக்கும் கமார்க் சதுப்பு நிலத்தில் மீண்டும் கூடு கட்டத் தொடங்கின. அங்கிருந்து மெல்ல மெல்ல பிரான்சின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறின. பிரிட்டானி வரை வந்துவிட்டால் எதிரே இங்கிலாந்துதான். 1989-ஆம் ஆண்டின் கோடை முடிவில் வழக்கத்தைவிட மிக அதிகமான கொக்குகள் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்தன. அதற்கு முன்பு அங்கே ஒரு சின்ன வெள்ளைக்கொக்கைப் பார்த்தால் பறவை ஆர்வலர்கள் தூரத்திலிருந்தெல்லாம் கிளம்பி வருவார்கள். 1989-க்குப் பிறகு தென்கரைக் கழிமுகங்களில் குளிர்காலம் முழுவதும் அவை தங்கத் தொடங்கின. ஏழு ஆண்டு கழித்துக் கூடு.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வழிதவறி வரும் ஒன்றிரண்டு. பிறகு ஒரு பெரிய வருகை. பிறகு குளிர்காலத் தங்கல். கடைசியில்தான் கூடு. தானாக வந்து குடியேறிய பல பறவைகள் ஏறக்குறைய இந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

வழிதவறி என்று சொன்னாலும் அது முழுக்கச் சரியில்லை. கொக்கு, நாரை இனங்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் ஜூலை முதல் செப்டம்பர் வரை எல்லாத் திசைகளிலும் சிதறும். தெற்கே குளிர்கால இடத்தை நோக்கிப் போவதற்கு முன் வடக்கேயும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அது பிழை கிடையாது, அந்த இனங்களின் இயல்பு. புதிய குளம், புதிய சதுப்பு எங்கே இருக்கிறது என்று இனம் கண்டுபிடிப்பதே இப்படிச் சிதறும் இளம் பறவைகள் வழியாகத்தான். பெரும்பாலானவை திரும்பிவிடும் அல்லது மடிந்துவிடும். சில தங்கும். மூலக் குடியிருப்பில் எண்ணிக்கை பெருகப் பெருகச் சிதறுவதும் பெருகும். ஆகவே ஒரு நாட்டில் முதல் கூடு வந்தால், பக்கத்து நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கரண்டிவாயன் இதற்கு நல்ல சான்று. நெதர்லாந்தில் பூச்சிக்கொல்லி மாசால் 1968-இல் சுமார் 150 இணையாகக் குறைந்துபோயிருந்த கரண்டிவாயன்கள், மாசு கட்டுப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. வடகடலுக்கு இந்தப் பக்கம், நார்ஃபோக் மாவட்டத்தின் ஹோல்கமில் 2010-இல் ஆறு இணைகள் சேர்ந்து கூடு கட்டின. முன்னூறு ஆண்டுக்கும் மேலாகப் பிரிட்டனில் கரண்டிவாயன் குடியிருப்பு என்று ஒன்று இருந்ததில்லை.

வந்து தங்கினால் மட்டும் போதாது. துணை வேண்டும். இது எளிதாகத் தோன்றும், ஆனால் புது இடத்தில் மிகப் பெரிய தடை இதுதான். தனியாக வந்து சேர்ந்த ஓர் ஆண் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் பாடிக்கொண்டே இருந்துவிட்டு முடிந்துபோகலாம். 1968-இல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் மத்தியதரைக்கடல் கடற்காகம் முதல்முறையாகக் கூடு கட்டியது. அப்போதும் அதற்குப் பின்னும் அவை கருந்தலைக் கடற்காகக் கூட்டத்தின் நடுவில்தான் இடம் பிடித்தன. தன் இனத்தில் துணை கிடைக்காத சில பறவைகள் கருந்தலைக் கடற்காகத்தோடே இணை சேர்ந்தன. கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளுக்குச் சுற்றிலும் மற்றக் கூடுகள் இருப்பதே ஒரு தூண்டுதல். பிரவுன்சீயில் சின்ன வெள்ளைக்கொக்குகள் தேர்ந்தெடுத்த இடம் சாம்பல் நாரைகள் ஏற்கெனவே கூடு கட்டியிருந்த மரங்கள். நாரை இருக்கிறது என்றால் மரம் பாதுகாப்பானது, பக்கத்தில் மீன் இருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் சாம்பல் நாரைக் கூடுகளை 1928 முதல் ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். அதனால் நாரைகளின் நடுவே ஒரு வெள்ளைக்கொக்கு கூடு கட்டினால் அது கண்ணில் படாமல் போவது அரிது.

அடுத்து சாமர்செட். எனக்கு இந்தப் பகுதியின் கதைதான் எல்லாவற்றிலும் மிகப் பிடித்தது. அங்கே அவலான் சதுப்புகள் என்று சொல்லப்படும் தாழ்நிலத்தில் பல ஆண்டுகளாக மக்குநிலக்கரி (சதுப்பில் மக்கிய தாவரங்களால் ஆன எரிபொருள்) வெட்டி எடுத்தார்கள். வெட்டி முடித்த பள்ளங்களில் நீர் நின்றது. 1990-களில் அந்தப் பள்ளங்களை நாணல் காடுகளாக மாற்றும் வேலை தொடங்கியது. வெள்ளைக்கொக்குகளுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. பெருங்குருகு என்ற பறவைக்காகச் செய்தார்கள். நாணலுக்குள் ஒளிந்து வாழும் பழுப்புப் பறவை அது. வசந்தத்தில் ஆண்கள் எழுப்பும் ஆழ்ந்த முழக்கத்தை வைத்துத்தான் அதை எண்ணுவார்கள். 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் முழங்கிய ஆண்கள் 11 மட்டுமே. நாணலை வெட்டிச் சீர்செய்து, நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தி, மீன் பெருக வழிசெய்ததில் பெருங்குருகு இன்று 200-ஐத் தாண்டிவிட்டது. அந்த நாணல் காடுகளுக்குத்தான் மற்றவர்களும் வந்தார்கள். 2010-இல் சிறு குருகு, 2012-இல் ஷாப்விக் ஹீத்தில் பெரிய வெள்ளைக்கொக்கு, 2017-இல் இரவில் இரை தேடும் வக்கா. பெரிய வெள்ளைக்கொக்கு பிரிட்டனில் கூடு கட்டியது அதுவே முதல்முறை. அதில் ஒரு பறவையின் காலில் பிரான்சில் மாட்டிய வளையம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

உண்ணிக்கொக்கின் வழி சற்று வேறு. உலகத்தில் தன் சொந்தச் சிறகால் இவ்வளவு தூரம் பரவிய நிலப்பறவை வேறு உண்டா என்று தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி தென் அமெரிக்காவின் வடகரையில் இறங்கியது. அங்கிருந்து வடக்கே ஏறி 1953-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கூடு கட்டியது. காடுகளை அழித்து மாட்டுப் பண்ணைகள் அமைத்த இடமெல்லாம் அதற்குப் பிழைப்பு இருந்தது. பிரிட்டனுக்கு 2007-08 குளிர்காலத்தில் பெரும் எண்ணிக்கையில் வந்தது. 2008-இல் சாமர்செட்டில் கூடு கட்டியது. எல்லோரும் இதோ வந்துவிட்டது என்றார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 2009-10, 2010-11 இரண்டு குளிர்காலங்களும் மிகக் கடுமையாக இருந்தன. மறுபடி உறுதியான கூடுகள் கிடைத்தது 2017-இல்தான். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் கூடு கட்டி வருகிறது. முதல் கூட்டுக்கும் நிலைத்த குடியேற்றத்துக்கும் இடையில் இப்படி ஓர் இடைவெளி இருக்கக்கூடும் என்பதால்தான் பத்து ஆண்டு பொறுக்கச் சொன்னேன். இன்னொன்று, ஐரோப்பாவில் பரவும் உண்ணிக்கொக்கும் இந்தியாவில் இருக்கும் உண்ணிக்கொக்கும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதினார்கள். இப்போது பல பட்டியல்கள் அவற்றை மேற்கத்திய, கிழக்கத்திய உண்ணிக்கொக்கு என்று இரண்டு தனி இனங்களாகப் பிரித்துவிட்டன.

சரி, கூடு கட்டியது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? ஐரோப்பியப் பறவைக் கணக்கெடுப்புகளில் சான்றுகளை மூன்று படியாகப் பிரிப்பார்கள். ஏற்ற காலத்தில், ஏற்ற இடத்தில் பறவையைக் கண்டால் இனப்பெருக்கம் இருக்கலாம். ஓர் இணை எல்லை பிடித்து நிற்கிறது, இணை சேர்கிறது, கூடு கட்டுகிறது என்றால் பெரும்பாலும் இருக்கும். முட்டை, கூட்டில் குஞ்சு, அடைகாக்கும் தாய், அலகில் இரையோடு கூட்டுக்குப் போகும் பறவை, குஞ்சின் எச்சப் பையைத் தூக்கி வெளியே போடும் பறவை, சரியாகப் பறக்கத் தெரியாத புதுக் குஞ்சு இவற்றில் ஒன்று இருந்தால் உறுதி. கூடு கட்டுவதைப் பார்த்தாலே உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. 2014-இல் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் ஃபிராம்ப்டன் சதுப்பில் ஒரு ஜோடி அன்றில்கள் கூடு கட்டின. முட்டை இல்லை. அன்றில் பிரிட்டனில் உண்மையாகவே குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டது 2022-இல், கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில். துணை கிடைக்காத ஆண் பறவைகளும், முதல் பருவத்து இளம் இணைகளும் கூட்டைக் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவது சகஜம்.

இன்னொரு பொறி இளம் பறவைகள். ஆகஸ்ட் மாதம் ஒரு குளத்தில் இளம் கொக்கு ஒன்று நிற்கிறது என்பதால் அது அங்கே பிறந்தது என்று ஆகாது. மேலே சொன்ன சிதறலில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்திருக்கலாம். பஞ்சுத்தூவி தலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கிளையை விட்டு இறங்கத் தயங்குகிறதா, பெற்றோர் இரை ஊட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வளையமிடுவது இதனால்தான் பெரிய உதவி. தூரத்திலிருந்தே படிக்கக்கூடிய வண்ண வளையம் ஒரு பறவையின் பிறந்த இடத்தையும் வயதையும் சேர்த்தே சொல்லிவிடும். அரிதாகக் கூடு கட்டும் இனங்களின் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சரிபார்க்கப் பிரிட்டனில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே ஒரு தனிக் குழு இருக்கிறது.

நிலைத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்விக்கு என் அளவுகோல் ஒன்றுதான். அங்கே பிறந்த குஞ்சுகள் வளர்ந்து அங்கேயே கூடு கட்டி, வெளியிலிருந்து புதுப் பறவை வராவிட்டாலும் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். அதுவரை அது விருந்தாளிதான். இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், வந்து கூடு கட்டிவிட்டுப் போய்விட்ட பறவைகளின் பட்டியலும் சிறியதல்ல.

செரின் என்ற சிறிய மஞ்சள் குருவி மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து நூறு ஆண்டுக்கு மேலாக வடக்கே பரவிக்கொண்டே வந்தது. 1967-இல் டார்செட்டில் கூடு கட்டியது. இனி இங்கிலாந்துத் தோட்டங்களிலெல்லாம் இது பாடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. கால்வாயின் அந்தக் கரையில் சாதாரணமாக இருக்கும் பறவை இந்தக் கரையில் இன்றும் அபூர்வம். அதே 1967-இல், வடக்கே ஷெட்லாந்தின் ஃபெட்லர் தீவில் பனி ஆந்தை கூடு கட்டியது. 1975 வரை அங்கே குஞ்சு பொரித்தது. பிறகு அந்த ஆண் ஆந்தை மறைந்துவிட்டது. பெண் ஆந்தைகள் மட்டும் சில ஆண்டுகள் தீவில் இருந்தன. வேறு ஆண் வரவில்லை, கதை முடிந்தது. ஒற்றை ஆணை நம்பி நிற்கும் குடியேற்றம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது ஐரோப்பிய மாங்குயில். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் சமவெளியில் தீக்குச்சி செய்வதற்காகப் பாப்லர் மரத்தோப்புகளை நட்டிருந்தார்கள். 1960-களிலிருந்து அந்தத் தோப்புகளில் மாங்குயில் குடியேறியது. 1990 வாக்கில் சுமார் 40 இணைகள் இருந்தன. எந்த அளவுகோலில் பார்த்தாலும் அது நிலைத்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தீக்குச்சிக்குத் தேவை குறைந்து, தோப்புகளை வெட்டி நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினார்கள். எஞ்சியவை சிறு சிறு தோப்புகளில் தனித்தனியாகப் பிரிந்தன. 2009-க்குப் பிறகு உறுதியான கூடு இல்லை. நாற்பது இணை இருந்தும் ஒரு பறவை போய்விட முடியும்.

பஞ்சுருட்டான் இன்னொரு வகை. 1955-இல் சசெக்ஸ் மணல்குழியில், 2002-இல் டர்ஹாமின் ஒரு கல்குவாரியில், 2022-இல் நார்ஃபோக்கில் என்று இடையிடையே வந்து கூடு கட்டிப் போகிறது. அண்மையில் இந்த முயற்சிகள் அடிக்கடி நடக்கின்றன என்பது உண்மை. ஆயினும் அதைக் குடியேறிய பறவை என்று சொல்ல இன்னும் நாளாகும் என்பது என் கருத்து.

இப்போது வெப்பநிலைக்கு வருகிறேன். புவி வெப்பமடைவதற்கு இதில் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. குறிப்பாகக் குளிர்காலம் மிதமானதற்கு. செட்டி கதிர்க்குருவி இதற்குத் தெளிவான உதாரணம். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் தங்கும் பூச்சியுண்ணி அது. பிரிட்டனில் முதலில் 1961-இல் காணப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் கென்ட் மாவட்டத்தில் கூடு கட்டத் தொடங்கியது. 1980-களின் கடுங்குளிர் அந்தக் கென்ட் குடியிருப்பை ஏறக்குறைய அழித்துவிட்டது. மிதமான தென்மேற்கில் இருந்தவை தப்பின. பின்னர் குளிர்காலங்கள் இளகியதும் ஆயிரக்கணக்கில் பெருகியது. சின்ன வெள்ளைக்கொக்கும் உறைபனிக்கு அஞ்சும் பறவைதான். 1985 ஜனவரிக் குளிரில் கமார்க்கில் நிறையச் செத்தன. சேறு உறைந்தால் கொக்குக்கு இரை இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுவதை நான் ஏற்கவில்லை. கள்ளிப்புறாவைப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அதன் எல்லை துருக்கியும் பால்கன் பகுதியும்தான். 1930-களில் வடமேற்கே நகரத் தொடங்கியது. 1955-இல் நார்ஃபோக் கடற்கரையில், குரோமர் நகருக்கு அருகே கூடு கட்டியது. 1959-இல் அயர்லாந்து. 1964-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து சுமார் 3,000 இணை என்று மதிப்பிட்டார்கள். ஒன்பதே ஆண்டில்! இன்று பல லட்சம். இந்தப் பரவல் பெரும்பகுதி நடந்தது வெப்பநிலை உயர்வைப் பற்றி யாரும் பேசாத காலத்தில். கோழிப்பண்ணை, தானியக் கிடங்கு, வீட்டுத் தோட்டம் என்று மனிதர் பக்கத்தில் சிந்தும் தானியமும், ஆண்டுக்கு நான்கைந்து முறை குஞ்சு பொரிக்கும் வேகமும், குஞ்சுகள் தொலைதூரம் பறந்து போகும் பழக்கமும் சேர்ந்தே அதைச் செய்தன. ஏன் குறிப்பாக அந்தக் காலத்தில் கிளம்பியது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்றும் இல்லை.

அயர்லாந்தில் மரங்கொத்தி வந்ததும் அப்படித்தான். காடுகளை வெட்டியதில் பல நூற்றாண்டுக்கு முன்பே அங்கே மரங்கொத்தி அற்றுப்போனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டில் காடு ஒன்றிரண்டு சதவீதம்தான். இன்று பதினொரு சதவீதம் வாக்கில் இருக்கிறது. பெரும்புள்ளி மரங்கொத்தி 2006-இல் வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்திலும், 2009-இல் தெற்கே விக்லோ மாவட்டத்திலும் கூடு கட்டுவது உறுதியானது. மரபணுவைச் சோதித்ததில் அவை பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி வந்தவை என்று தெரிந்தது. பிரிட்டனில் அந்தப் பறவையின் எண்ணிக்கை பெருகியதும், அயர்லாந்தில் வாழ மரம் இருந்ததும் ஒன்றாகச் சேர்ந்ததால் நடந்தது அது. நீர்க்கரையில் வாழும் சின்ன உப்புக்கொத்தி 1938-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிரிங் நீர்த்தேக்கத்தில் முதலில் கூடு கட்டியது. போருக்குப் பிறகு கட்டுமானத்துக்காகத் தோண்டிய சரளைக்குழிகள் அது பரவ இடம் கொடுத்தன.

கொல்லாமல் விட வேண்டும், வாழ இடம் இருக்க வேண்டும், பக்கத்து நாட்டில் பெருகி வழிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் மிதமான குளிர்காலம் கைகொடுக்கும். இடமில்லாத நாட்டில் எவ்வளவு வெப்பம் கூடினாலும் கொக்கு கூடு கட்டப்போவதில்லை. சாமர்செட்டின் நாணல் காடுகள் இல்லாவிட்டால் 2012-இல் அந்தப் பெரிய வெள்ளைக்கொக்கு எங்கே போயிருக்கும்?

பாதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். தானாக வந்த பறவையையும் மனிதர் கொண்டுவந்து விட்ட பறவையையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பறவைப் பட்டியலே இவற்றைத் தனித்தனி வகையில்தான் வைக்கிறது. கூண்டிலிருந்து தப்பிப் பெருகிய பச்சைக்கிளிக்கு ஒரு வகை, இயல்பாக வந்த கொக்குக்கு வேறு வகை. தானாக வருவது பெரும்பாலும் அண்டை நிலத்திலேயே மற்றப் பறவைகளோடு பழகி வாழ்ந்த இனம். மெல்ல வருகிறது, கிடைக்கும் இடத்தில் நுழைகிறது. சாம்பல் நாரையும் சின்ன வெள்ளைக்கொக்கும் பிரான்சில் எத்தனையோ காலமாகச் சேர்ந்தே கூடு கட்டுகின்றன. மீன்பண்ணை வைத்திருப்பவருக்கு ஓரிடத்தில் கொக்கு தொல்லையாக இருக்கலாம். அயர்லாந்து மரங்கொத்தி சிறு பறவைகளின் குஞ்சைத் தின்னவும் செய்யும், அது குடைந்து விட்டுப்போகும் பொந்து வேறு பறவைக்கு வீடாகவும் ஆகும்.

கொண்டுவந்து விட்டவற்றின் கதை வேறு. வட அமெரிக்காவைச் சேர்ந்த ரட்டி வாத்து இங்கிலாந்தின் ஒரு சேகரிப்பிலிருந்து 1950-களில் தப்பிப் பெருகியது. அது ஸ்பெயின் வரை போய், ஏற்கெனவே அருகிவந்த வெண்தலை வாத்தோடு கலந்து கலப்பினம் உண்டாக்கியது. ஓர் இனமே கரைந்துபோகும் நிலை. கடைசியில் பிரிட்டனில் ரட்டி வாத்தை அரசே திட்டம் போட்டுச் சுட்டு ஒழிக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் மகிழ்ச்சி தராத வேலை, ஆனால் தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். ஆகவே ஒரு நாட்டில் புதிய பறவை கூடு கட்டியிருக்கிறது என்று கேட்டதும் முதலில் விசாரிக்க வேண்டியது, அது தன் சிறகால் வந்ததா, கூண்டால் வந்ததா என்பதைத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டின் பெரிய ஆபத்துகளில் ஒன்று மனிதரின் ஆர்வம். 1916-உடன் பிரிட்டனில் கூடு கட்டுவது நின்றுவிட்டதாகக் கருதப்பட்ட விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் கழுகு, 1954-இல் ஸ்காட்லாந்தின் கார்டன் ஏரிப் பக்கம் திரும்பி வந்தது. ஆர்எஸ்பிபி ரகசியமாகக் காவல் வைத்தது. அப்படியும் 1958-இல் ஓர் இரவு ஒருவன் மரமேறி முட்டைகளை எடுத்தான். அவை உடைந்தன, கூட்டில் கோழி முட்டைக்குச் சாயம் பூசி வைத்துவிட்டுப் போயிருந்தான். முட்டை சேகரிப்பது அங்கே ஒரு பெரும் வெறியாக இருந்த காலம். 1959-இல் அந்த அமைப்பின் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் நேர்மாறான முடிவெடுத்தார். தூரத்தில் ஒரு மறைவிடம் கட்டி, மக்களை வரவழைத்துக் கூட்டைக் காட்டினார். அந்த ஆண்டு சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். அத்தனை கண்கள் இருக்கும் இடத்தில் திருடன் வரத் தயங்குவான்.

அது ஆள்பலமும் காவலும் இருந்த ஓர் அமைப்பால் முடிந்தது. தனி ஆளாக நீங்கள் அப்படி ஒரு கூட்டைக் கண்டால் செய்ய வேண்டியது வேறு. அருகே போகாதீர்கள். கொக்குக் குடியிருப்பில் ஆள் நுழைந்தால் பெற்றோர் பறந்து எழும், அந்தச் சில நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், சிறு குஞ்சுகள் வெயிலிலோ குளிரிலோ வாடும். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி, அதன் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூட்டில் வேண்டுமென்றே தொந்தரவு செய்வதே குற்றம். தூரத்திலிருந்து தேதி, நேரம், பறவை என்ன செய்தது, அலகில் என்ன இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் இடம் அடையாளம் தெரிந்தால் அதைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். மாவட்டப் பறவைப் பதிவாளருக்கு மட்டும் தெரிவியுங்கள். நிலத்தின் உரிமையாளரிடம் பேசுவது, காவல் வேண்டுமா என்று முடிவு செய்வது, அரிய இனக் குழுவுக்கு அனுப்புவது எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். எந்த இடம், எத்தனை குஞ்சு என்பதெல்லாம் குஞ்சுகள் பறந்து பருவம் முடிந்த பிறகு வெளியானால் போதும்.